புக்கெட்ல ஒரு வீடு... டூர் போன இடத்துல சொத்து வாங்கலாமா?

ரீல்ஸ் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. நீலக் கடல், பால்கனியை ஒட்டி ஒரு குட்டி நீச்சல் குளம், கையில் இளநீர். கீழே ஒரு வரி: 'சென்னையில் டபுள் பெட்ரூம் வாங்குற காசுக்கு தாய்லாந்தில் கடற்கரை வீடு. வருஷம் 7% வாடகை கேரன்டி!' அதை மனைவிக்கு ஃபார்வேர்டு பண்றீங்க. அவங்க ஒரு ஹார்ட் போடறாங்க. அவ்வளவுதான், அடுத்த டூர்ல 'சும்மா ஒரு சைட் விசிட்' முடிவாயிடும்.

நானும் போயிருக்கேன் மக்களே. புக்கெட்டில் குடும்பத்தோட நாலு நாள் தங்கினப்போ, ஹோட்டல் வாசல்லயே ஒரு தம்பி சிரிச்ச முகமா வந்து, "ரெண்டு மணி நேரம் மட்டும் சார், லஞ்ச் எங்க செலவு, பிள்ளைக்கு ஐஸ்கிரீம்" என்றார். ஏசி ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முழு கட்டடமும் பொம்மையாக நின்றது. பையன் அந்தப் பொம்மை நீச்சல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள புக் பண்ணா 5 சதவிகிதம் தள்ளுபடி' என்றார்கள். கார்டு என் கையில்தான் இருந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது புத்திசாலித்தனம் இல்லை, கார்டு லிமிட்.

ஊருக்கு வந்து உட்கார்ந்து படித்தபிறகுதான், அந்த ஹாலில் யாருமே சொல்லாத விஷயங்கள் எத்தனை என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஏனென்றால் இது இனி ஏதோ பத்துப் பணக்காரர்களின் பிரச்னை இல்லை. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது தாய்லாந்து. 2024-ல் மட்டும் 21 லட்சம் இந்தியர்கள் அங்கே போனார்கள். சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம். ஹனிமூன், குழந்தையின் முதல் வெளிநாட்டுப் பயணம், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு டிரிப் என எல்லாமே இப்போ அங்கேதான். விற்பவர்களும் அதைக் கவனித்துவிட்டார்கள்.

எதை விற்கிறார்கள்?

முதல் கேள்வி இதுதான். தாய்லாந்தில் வெளிநாட்டவர் மண்ணை வாங்க முடியாது. மிக அரிதான விதிவிலக்குகளை விட்டுவிட்டால், ஒரு சென்ட் நிலம்கூட உங்கள் பேரில் வராது. அப்போ அந்த ரீல்ஸில் வில்லா விற்கிறார்களே?

அங்கே வெளிநாட்டவருக்கு உண்மையான உரிமை என்று கிடைப்பது கான்டோ, அதாவது பதிவு பெற்ற அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட். அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவிகிதம் வரைதான் வெளிநாட்டவர் பேரில் இருக்கலாம். அந்தக் கோட்டா முடிந்துவிட்டால், கட்டடத்தில் நூறு வீடு காலியாக இருந்தாலும் உங்களுக்குச் சொந்தமாகத் தர முடியாது. அப்போது என்ன செய்வார்கள்? அதே வீட்டை 'லீஸ்ஹோல்டு' என்று சொல்லிக் கொஞ்சம் விலை குறைத்துத் தருவார்கள். நாம் 'விலை கம்மி' என்பதை மட்டும் காதில் வாங்குவோம்.

லீஸ் என்றால் குத்தகை. தாய்லாந்துச் சட்டப்படி வீட்டுக் குத்தகைக்கு அதிகபட்சம் 30 ஆண்டு. விளம்பரத்தில் மட்டும் '30+30+30' என்று போட்டிருப்பார்கள். கூட்டினால் 90 வருடம், பேரன் காலம் வரைக்கும் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் நில அலுவலகத்தில் பதிவாவது முதல் முப்பது மட்டும்தான். மீதி அறுபது ஒரு வாக்குறுதி. முப்பது வருடம் கழித்து அந்த நிலத்துக்கு யார் சொந்தக்காரரோ, அவர் மனசு வைக்க வேண்டும். இன்னொன்று: குத்தகை எடுத்தவர் நடுவில் இறந்துவிட்டால், வாரிசுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால் குத்தகை அத்தோடு முடிந்துவிடலாம். 35 வயதில் வாங்கினால் 65 வயதில் கையில் இருப்பது சாவியில்லாத கீ-செயின்.

அடுத்து ஒரு 'ஐடியா' சொல்வார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள் என்பதிலிருந்தே நீங்கள் உஷாராகிவிடலாம். 'ஒரு கம்பெனி ஆரம்பிப்போம் சார். 51 சதவிகிதம் உள்ளூர்க்காரங்க பேர்ல, 49 உங்க பேர்ல. நிலம் கம்பெனி பேர்ல வாங்கிடலாம்.' அந்த உள்ளூர்க்காரர்கள் காசு போடாமல் பெயரை மட்டும் கொடுக்கும் பினாமிகள் என்றால், அது அங்கே குற்றம். 1999-ம் ஆண்டின் வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும், 10 லட்சம் பாட் வரை அபராதமும் உண்டு. பல வருடம் கண்டும் காணாமலும் இருந்தார்கள். இப்போது புக்கெட், சமூய் தீவுகளில் இந்த பினாமி கம்பெனிகளைத் தேடித்தேடிச் சோதனை போடுகிறார்கள். நம்ம ஊர்ல பினாமி என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம்தானே!

ஒரு கோடியே எட்டு லட்சம்

சரி, எல்லாம் பார்த்துக் கோட்டாவுக்குள் வரும் ஒரு நல்ல கான்டோவையே பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 35 சதுர மீட்டர், 40 லட்சம் பாட். ஒரு பாட் 2.70 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு எடுத்தால் ₹1.08 கோடி. இனி வரும் கதை இந்தியப் பக்கம். இதை அந்த ஏசி ஹாலில் இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பாதிப் பேருக்குத் தெரியவும் தெரியாது.

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வீடு வாங்கவும் அனுப்பலாம். லிமிட்டுக்குள் இது சுலபமாக வந்துவிடும். ஆனால் ₹10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவிகிதம் டி.சி.எஸ் வரி பிடிக்கும். அதாவது ₹98 லட்சத்துக்கு ₹19.6 லட்சம்! வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்களிடம் இருக்காது. ஆக, ₹1.08 கோடி வீட்டுக்கு நீங்கள் புரட்ட வேண்டியது கிட்டத்தட்ட ₹1.28 கோடி.

'லோன் போட்டுக்கலாம்' என்று நினைத்தால், அதுவும் இல்லை. இதுபோன்ற முதலீட்டுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப, நம் வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது விதி. முழுக்கவும் கைக்காசு. கிரெடிட் கார்டைத் தேய்த்து அட்வான்ஸ் கொடுப்பது, கிரிப்டோவாக அனுப்புவது, 'துபாய்ல நம்ம ஃபிரெண்டு ஒருத்தர் பார்த்துக்குவார்' என்பதெல்லாம் நேரே ஃபெமா சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். தாய்லாந்துக்காரர்களும் இதில் கறார். பணம் வெளிநாட்டு நாணயமாகவே உள்ளே வந்ததற்கு அந்த நாட்டு வங்கியின் சான்று இல்லாமல் நில அலுவலகம் உங்கள் பேருக்கு மாற்றாது.

வாங்கியபிறகு வருடாவருடம் வருமான வரிக் கணக்கில், வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் இதைக் காட்ட வேண்டும். மறந்தால் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி ₹10 லட்சம் அபராதம் போட முடியும். ₹20 லட்சத்துக்குள் என்றால் அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரில் ஒரு சலுகை வந்தது. அது பங்கு, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்குத்தான். வீடு, மனைக்குப் பொருந்தாது. வாடகை வந்தால் அங்கேயும் வரி, இங்கேயும் கணக்கு. இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் இருமுறை கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆடிட்டர் ஃபீஸ் நிச்சயம் இருக்கும்.

பிள்ளைகளின் லீவும் அங்கே மழையும்

எனக்கு இந்த விஷயத்தில் பெரிய ஞானோதயம் வந்தது சட்டப் புத்தகத்தில் இல்லை, காலண்டரில்.

புக்கெட் அந்தமான் கடல் பக்கம் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் சீறும். கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள், இறங்கக் கூடாது. மீறி இறங்கி உயிரை விடுபவர்கள் ஒவ்வொரு மழைக்காலமும் உண்டு. நல்ல சீஸன் என்றால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை.

இப்போ உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் லீவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். அங்கே அது கொட்டும் மழை. மே மாதம் முழுப் பரீட்சை லீவு. அங்கே மழை தொடங்கிவிடும். அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம். அப்பாடா, வெயில்! ஆனால் வருடத்திலேயே அறை வாடகை உச்சத்தில் இருப்பதும் அதே பத்து நாள்தான். ஐரோப்பாவும் ரஷ்யாவும் குளிரில் நடுங்கி அங்கே வந்து இறங்கும் வாரம் அது. அந்த வாரம் நீங்கள் தங்கினால் வாடகை போச்சு. வாடகைக்கு விட்டால் உங்கள் வீட்டில் நீங்களே தங்க முடியாது. பல 'கேரன்டி வாடகை' ஒப்பந்தங்களில், சீஸனில் உரிமையாளர் தங்கக் கூடாது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எழுத்து ஏன் அவ்வளவு சின்னது என்று இப்போ புரிகிறதா?

மிச்சம் இருப்பது ஏப்ரல். 13 முதல் 15 வரை அவர்களுக்கு சோங்கிரான், நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர்த் துப்பாக்கியோடு நிற்பார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறு இல்லை. அந்த ஒரு வாரத்துக்காக ஒரு கோடியா என்பதுதான் கணக்கு.

போட்டுப் பார்ப்போமே. ₹1.08 கோடியை 6.5 சதவிகித வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் வருடம் ஏழு லட்சம். 30 சதவிகித வரி போனாலும் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய மிஞ்சும். ஒரு இரவுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஹோட்டலில் தங்கினால்கூட 49 இரவுகள்! அதுவும் ஒரு வருடம் புக்கெட், மறு வருடம் இலங்கையின் மிரிஸ்ஸா, அதற்கடுத்த வருடம் வியட்நாம் என்று இடத்தை மாற்றிக்கொள்ளலாம். வீடு வாங்கினால் ஒரே பால்கனி. சதுர மீட்டருக்கு மாதம் 70 பாட் பராமரிப்பு என்றால் வருடத்துக்கு ₹79,000 அது தனி. நீங்கள் போனாலும் கட்டணும், போகாவிட்டாலும் கட்டணும்.

அந்த 7 சதவிகித கேரன்டி? அங்கே ஒரு மாதத்துக்கும் குறைவாக, தினவாடகைக்கு விட வேண்டுமென்றால் 2004-ம் ஆண்டின் ஹோட்டல் சட்டம் குறுக்கே வரும். சின்ன விடுதிகளுக்குச் சில தளர்வுகள் உண்டு என்றாலும், சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்தின் தனி ஃபிளாட்டை ஆப்பில் போட்டு நாள் வாடகைக்கு விடுவது பெரும்பாலும் சட்டவிரோதம். ஹோட்டல் உரிமம் உள்ள கட்டடம் என்றால் சரி. ஆனால் மூன்று வருடம், ஐந்து வருடம் கேரன்டி தருபவர், அந்தப் பணத்தை விலையிலேயே ஏற்றி வைத்திருக்கிறாரா என்று பக்கத்துக் கட்டடத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நம்ம ஊர்த் தேக்குமரப் பண்ணைக் கதைகளை அப்பாவிடம் கேளுங்கள், அவர் மெட்டு சொல்லிக் கொடுப்பார்.

அங்கே இருக்கிறவங்க என்ன நினைக்கிறாங்க?

நாம் 'வாங்கலாமா' என்று கேட்கிறோம். அந்தத் தீவில் இருப்பவர்கள் 'இவங்க ஏன் வாங்கணும்' என்று கேட்கத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. இதைப் பற்றி எந்த பிரோஷரிலும் இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யர்கள் பெருமளவில் புக்கெட்டுக்கு வந்தார்கள். வாடகையும் வில்லா விலையும் எகிறின. தீவில் பதிவான மக்கள்தொகை நாலு லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஹோட்டலில் படுக்கை விரிப்பவர், படகு ஓட்டுபவர், மசாஜ் கடைப் பெண் எல்லாரும் தள்ளித்தள்ளி வீடு பார்க்க வேண்டிய நிலை.

2024 பிப்ரவரியில் ஒரு சம்பவம். யாமு என்ற முனையில் ஒரு சொகுசு வில்லாவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டில், உள்ளூர் பெண் டாக்டர் ஒருவர் நிலவு பார்க்க உட்கார்ந்திருந்தார். வில்லாவில் இருந்த வெளிநாட்டவர் தன்னை உதைத்ததாக அவர் புகார் சொன்னார். அவர் மறுத்தார், பிறகு நீதிமன்றமும் அவரை விடுவித்தது. ஆனால் தீ அங்கே அணையவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் பாய் விரித்து அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து போராடினார்கள். அதிகாரிகள் வந்து அளந்தால், அந்தப் படிக்கட்டே பொது நிலத்தில் கட்டப்பட்டிருந்தது. இடித்துத் தள்ளினார்கள். மெரினாவில் ஒருவர் கேட் போட்டு 'இது பிரைவேட்' என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான்.

அதே ஆண்டு ஜூனில் அன்றைய அரசு, குத்தகைக் காலத்தை 30-லிருந்து 99 ஆண்டாகவும், கான்டோ கோட்டாவை 49-லிருந்து 75 சதவிகிதமாகவும் உயர்த்துவது பற்றி ஆய்வு செய்யச் சொன்னது. 'நாட்டை விற்கிறார்கள்' என்று கொந்தளிப்பு. அந்தப் பிரதமர் ஆகஸ்ட்டில் நீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்தார். அடுத்து வந்தவரும் 2025 ஆகஸ்ட்டில் அதேபோல இழந்தார். '99 வருஷம் வந்துடும் சார், இப்பவே வாங்கிடுங்க' என்று சொல்லும் ஏஜென்ட்கள் மட்டும் பதவியில் நீடிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ரவாய் கடற்கரை. அங்கே உராக் லவோய் என்ற கடலோடி இனத்தவர் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். பட்டா என்ற ஒன்றைப் பற்றிக் கவலைப்படாத மக்கள். அவர்கள் குடியிருந்த நிலத்துக்கு வேறு யாரோ பத்திரம் வாங்கிவிட்டார்கள். 2016 ஜனவரியில் அவர்கள் வழிபாட்டு இடத்துக்குப் போகும் பாதையை அடைக்க வந்த கூட்டத்தோடு கைகலப்பு நடந்தது. மன்னர் பூமிபோல் 1959-ல் அந்தக் கிராமத்துக்கு வந்தபோது எடுத்த பழைய படங்கள், அவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள் என்பதற்கான சாட்சியமாக நீதிமன்றத்துக்குப் போயின. நீங்கள் வாங்கும் பத்திரத்துக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மலை வியூ கேட்பவர்களுக்கும் ஒன்று. 2024 ஆகஸ்ட் 23 அதிகாலை, கரோன் பகுதியில் மலைச்சரிவு. 13 பேர் இறந்தார்கள். மேலே மலைப்பகுதியில் நடந்த கட்டுமானம் பற்றிப் பெரிய கேள்விகள் எழுந்தன. புக்கெட்டில் கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டருக்கு மேல் கட்டத் தடை இருக்கிறது. 'சீ வியூ' வேண்டும் என்று எல்லோரும் கேட்கக் கேட்க, கட்டடங்கள் சரிவில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. தாழ்வான பக்கம் போனால் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். அன்று நம் நாகப்பட்டினத்தை அடித்த அதே சுனாமிதான் பட்டாங், கமலா, வடக்கே காவ் லாக் எல்லாவற்றையும் அடித்தது.

அந்த காவ் லாக்கைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போனால் தகுவா பா. அங்கே 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 'அவனி நாரணம்' என்று ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது அது. அந்தக் கரையில் நம்ம ஆள்கள் ஆயிரத்து நூறு வருடம் முன்பு விட்டுப்போன சொத்து ஒரு குளம்! அடுத்த டிரிப்பில் யானை சவாரியைக் குறைத்துக்கொண்டு (அந்த யானைகளுக்கும் நல்லது) அந்தப் பக்கம் ஒரு கார் எடுத்துப் போய் வாருங்கள்.

எல்லாம் படிச்சபிறகும் 'இல்ல பாஸ், எனக்குப் பிடிச்சிருக்கு, காசும் இருக்கு' என்பவர்கள் இருப்பீர்கள். தப்பில்லை. வருடத்தில் மூன்று மாதம் அங்கிருந்தே வேலை பார்க்க முடிகிறவர்கள், ஓய்வுபெற்ற பெற்றோரைக் குளிர்காலத்தில் தங்க வைக்க நினைப்பவர்கள் இவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். ஆனால் ஒரு கான்டோ வாங்கியதாலேயே விசா வந்துவிடாது, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரின் வக்கீல் வேண்டாம், உங்கள் காசில் தனி வக்கீல் வையுங்கள். சனோட் என்ற, சிவப்பு கருடன் முத்திரை போட்ட முழு உரிமைப் பத்திரம்தானா, அதன் மேல் அடமானம் இருக்கிறதா என்று அவர் நில அலுவலகத்தில் பார்க்கட்டும். வெளிநாட்டவர் கோட்டாவில் இடம் இருப்பதாகவும், வீட்டின் மேல் பாக்கி இல்லை என்றும் கட்டட நிர்வாகத்திடம் கடிதம் வாங்குங்கள். கட்டி முடிக்காத கட்டடம் என்றால், கட்டுமான அனுமதியைப் பார்க்காமல் ஒரு பாட்கூடக் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக, செப்டம்பரில் ஒரு வாரம் போய்த் தங்குங்கள். அதே கட்டடத்தில், வாடகைக்கு. மழையில் சுவர் ஊறுகிறதா, லிப்ஃட் ஓடுகிறதா, இரவில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பகலில் ரவாய் போய், கடலோடிகள் கடையில் மீன் வாங்கி எதிர்க்கடையில் சமைக்கக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். குடையோடு வந்த உங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளும் அப்பவும் 'இங்கேயே வாங்கலாம்பா' என்றால், ஆடிட்டருக்கு போன் போடுங்கள்.